கூலியும் கொசுறும்

1. ஓட்டலில் ஒரு மதியம்

பெங்களூரில் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி ஸ்ரீராம்புரம். அங்கே ஒரு பூக்காரம்மா இருக்கிறார். விடியற்காலையில் எழுந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போவார். உதிரிப் பூ வாங்கி வருவார். கட்டுவார். தெருமுனையில் உட்கார்ந்து முழம் போட்டு விற்பார்.

சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் கணக்கு அவருக்குப் புதிதல்ல. மனக்கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். அந்தச் சந்தோஷத்தில் அம்மாவும் மகளும் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார்கள். மேசைக்கு மேசை விரிப்பு. மேலே மின்விசிறி இல்லை, ஏசி ஓடியது. பூக்காரம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தண்ணீர் வைக்க வந்த சப்ளையர் சிரித்தார்.

"வாங்கக்கா! என்ன, தெரியலையா? உங்க தெருவுக்குப் பின்தெருதான்."

"அட, நீயா தம்பி! இந்த வெள்ளைச் சட்டையில அடையாளமே தெரியலை."

கூச்சம் போய்விட்டது. இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஐஸ்கிரீமும் சாப்பிட்டார்கள். பிறகு சப்ளையர் பில்லைக் கொண்டுவந்தார். ஒரு சின்னத் தட்டில் சோம்பும் கற்கண்டும். அதன் அடியில் பில்.

பூக்காரம்மா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சாப்பாடு 160 ரூபாய். இரண்டுக்கு 320. ஐஸ்கிரீம் 40 ரூபாய். இரண்டுக்கு 80. மொத்தம் 400. வரி கொஞ்சம் சேரும். ஆனால் பில்லின் அடியில் 462 என்று இருந்தது.

"62 ரூபாய் ஏன் கூட இருக்கு?" என்று கேட்டார்.

பில் ஆங்கிலத்தில் இருந்தது. எண்களை அம்மா படித்தார். எழுத்துகளை மகள் படித்தாள்.

சாப்பாடு 2 × 160 — 320 ரூபாய்
ஐஸ்கிரீம் 2 × 40 — 80 ரூபாய்
கூட்டல் — 400 ரூபாய்
சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் — 40 ரூபாய்
மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் — 11 ரூபாய்
மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் — 11 ரூபாய்
மொத்தம் — 462 ரூபாய்

"ஜி.எஸ்.டி. சரி, அது அரசாங்கத்துக்குப் போற வரி. சர்வீஸ் சார்ஜுன்னா என்ன தம்பி?"

"நாங்க பரிமாறினதுக்காகப் போடுறதுக்கா."

"அப்படின்னா இந்த 40 ரூபாய் உனக்கு வருமா?"

சப்ளையர் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாசக் கடைசியில ஏதோ தருவாங்கக்கா. வந்தது எவ்வளவு, தந்தது எவ்வளவுன்னு எங்களுக்குக் கணக்குத் தெரியாது."

பூக்காரம்மா எழுந்தார். பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். சத்தம் போடவில்லை. கன்னடத்தில் பணிவாகக் கேட்டார்: "இந்த சர்வீஸ் சார்ஜைக் கட்டாயம் கொடுக்கணுமா?"

மேனேஜர் ஒரு நிமிடம் யோசித்தார். "விருப்பம் இல்லேன்னா எடுத்துடறேம்மா" என்றார். புதிய பில் வந்தது. சாப்பாடு 400, வரி 20, மொத்தம் 420.

பூக்காரம்மா 420 ரூபாய் கட்டினார். திரும்பி வந்தார். முடிச்சை அவிழ்த்து 40 ரூபாயை எடுத்தார். சப்ளையரின் கையில் கொடுத்தார்.

"கொடுக்கக் கூடாதுன்னு நான் கேட்கலை தம்பி. யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சு கொடுக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

2. பில்லைப் படிப்போம்

ஓட்டல் பில்லில் மூன்று வகைப் பணம் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு.

முதலாவது, சாப்பாட்டின் விலை. இது ஓட்டலுக்குப் போகிறது. அரிசி, காய்கறி, கேஸ், வாடகை, தொழிலாளர் சம்பளம், முதலாளியின் லாபம் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. என்ற வரி. இது அரசுக்குப் போகிறது. 2017 நவம்பர் முதல் பெரும்பாலான ஓட்டல்களில் உணவுக்கு 5 சதவீதம் வரி. பாதி மத்திய அரசுக்கு. பாதி மாநில அரசுக்கு. இதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, சர்வீஸ் சார்ஜ் எனப்படும் சேவைக் கட்டணம். இது வரி அல்ல. அரசுக்குப் போவதும் அல்ல. ஓட்டல் தானாகச் சேர்ப்பது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இதையும் வரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது மட்டுமல்ல. சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் அதன் மீதும் வரி ஏறுகிறது. பூக்காரம்மாவின் பில்லில் வரி 20 ரூபாய்தான் வர வேண்டும். அது 22 ஆனது இதனால்தான்.

2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதுபற்றி விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின் சாரம் இது:

ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டு என்று வற்புறுத்தக் கூடாது. கட்ட மறுத்தவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது.

ஓட்டல் முதலாளிகளின் சங்கங்கள் இதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தப் பணம் பரிமாறுபவருக்கு மட்டுமல்ல, சமையற்கட்டில் உழைப்பவருக்கும் பங்கிடப்படுகிறது என்பது அவர்கள் தரப்பு வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால், 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்க முடியாது. விரும்பும் வாடிக்கையாளர் தாமாக டிப்ஸ் கொடுக்கத் தடை இல்லை என்றது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

பில்லில் இந்தக் கட்டணம் இருந்தால் என்ன செய்யலாம்? முதலில் எடுத்துவிடும்படி பணிவாகக் கேட்கலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கட்டணத்தைப் பில்லில் போட்டவர் சப்ளையர் அல்ல. அவரிடம் கோபப்படுவது முறையல்ல.

3. முழமும் கொசுறும்

செவ்வாய்க்கிழமை சப்ளையருக்கு வார விடுமுறை. மாலையில் பூக்கடைப் பக்கம் வந்தார். பூக்காரம்மா ஒருவருக்கு இரண்டு முழம் மல்லிகை அளந்தார். அளந்த பிறகு நாலு விரல் நீளம் கூடவிட்டு அறுத்தார்.

"கொசுறு எல்லாருக்கும் உண்டாக்கா?" என்று சிரித்தார் சப்ளையர்.

"வாங்குறவங்க மனசு நிறையணும்ல. அதுக்குத்தான்."

"நீங்க அன்னிக்குத் தந்ததும் கொசுறுதானே."

"ஆமா தம்பி. நான் கொடுத்தா கொசுறு. சாப்பிட வந்தவங்க கொடுத்தா டிப்ஸ். ரெண்டும் மனசிலேருந்து வர்றது. ஆனா ஒண்ணு. கொசுறு தர்றேன்னு சொல்லி முழத்தைக் குறைச்சா என்ன ஆகும்?"

"சண்டைக்கு வருவாங்க!"

"முழம் அளவு. அது வாங்குறவங்க பாத்தியதை. கொசுறு அதுக்கு மேல. முழத்துக்குப் பதிலாக் கொசுறு வராது."

சப்ளையர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எங்க ஓட்டல்ல அப்படித்தானக்கா நடக்குது. போன வருஷம் சம்பளம் கூட்டிக் கேட்டோம். 'அதான் டிப்ஸ் வருதே'ன்னு சொல்லிட்டாங்க."

அந்தத் தம்பிக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். டிப்ஸ் ஒரு நாளைக்கு 200 ரூபாய் போல வரும். ஞாயிற்றுக்கிழமை கூட வரும். மழை நாளில் ஒன்றும் வராது.

"வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கை வெந்துச்சே, அப்பத்தான் புரிஞ்சது" என்றார் அவர்.

சென்ற ஆடியில் ஒரு நாள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரை ஈரம். வழுக்கிவிட்டது. கொதிக்கும் சாம்பார் இடது கையில் கொட்டியது. பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் இல்லை. டிப்ஸும் இல்லை. தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3,000 ரூபாய் கடன் வாங்கினார். அந்தக் கடன் இன்னும் முடியவில்லை.

4. படிக்காத சீட்டு

"உனக்குச் சம்பளச் சீட்டு தர்றாங்களா தம்பி?" என்று கேட்டார் பூக்காரம்மா.

சப்ளையர் பர்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும்தான் அவர் எப்போதும் பார்ப்பார். மகள் அதை வாங்கிப் படித்தாள்.

"அண்ணா, இதுல ஈ.எஸ்.ஐ.ன்னு 135 ரூபாய் பிடிச்சிருக்காங்களே!"

"ஏதோ பிடிப்பாங்கம்மா. என்னன்னு நான் கேட்டதில்லை."

ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஓட்டல்கள், கடைகள், தொழிற்சாலைகளுக்கு இது உண்டு. 2017-இல் இதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 18,000 ரூபாய்க்குத் தொழிலாளி 135 ரூபாய் கட்டுகிறார். முதலாளி 585 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்தப் பணத்துக்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. வேலை செய்யும்போது அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால், சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் உதவித் தொகையாகக் கிடைக்கிறது.

"கை வெந்தப்ப நீ ஏன் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலை? இதோ, ராஜாஜிநகர்லதானே இருக்கு!" என்றார் பூக்காரம்மா.

சப்ளையர் தலை குனிந்தார். பக்கத்திலேயே மருத்துவமனை. மாதா மாதம் பணமும் கட்டியிருக்கிறார். ஆனால் சீட்டைப் படிக்கவில்லை. அதனால் கடன்பட்டார்.

மகள் ஒரு கணக்குப் போட்டாள். மாதம் 18,000 என்றால் நாளுக்கு 600. அதில் 90 சதவீதம் 540. பத்து நாளுக்கு 5,400 ரூபாய். தோராயமாக இவ்வளவு உதவித் தொகை வந்திருக்கும்.

"டிப்ஸ் 200 ரூபாய்க்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார் சப்ளையர்.

"ஒண்ணும் வராது அண்ணா. சீட்டுல டிப்ஸே இல்லையே."

5. டிப்ஸ் சம்பளம் ஆகுமா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஜெய்ப்பூரில் ராம்பாக் அரண்மனை ஓட்டல் இருக்கிறது. அந்த ஓட்டலுக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு 1970களில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாடிக்கையாளர் தரும் டிப்ஸை நிர்வாகம் தரும் பணமாகக் கருத முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 2016-இல் வருமான வரி தொடர்பான ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. வாடிக்கையாளர் கார்டில் கட்டி, ஓட்டல் வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்தாலும் டிப்ஸ் சம்பளம் ஆகாது. ஓட்டல் அதை வாங்கிக் கொடுக்கும் இடம் மட்டுமே.

மைசூரு ஓட்டல் ஒன்றின் வழக்கிலும் அப்படியே. டிப்ஸுக்குப் பதிலாக ஓட்டல் வசூலித்துப் பங்கிடும் தொகை, ஈ.எஸ்.ஐ. கணக்கில் கூலி ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

இதில் தொழிலாளிக்கு நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

நன்மை இது: டிப்ஸ் முதலாளியின் பணம் அல்ல. "டிப்ஸ் வருகிறதே" என்று சொல்லிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது. 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. குறைந்தபட்சக் கூலியைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. வாடிக்கையாளரின் பொறுப்பு அல்ல.

குறை இது: டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் அது பி.எஃப். கணக்கில் சேராது. ஈ.எஸ்.ஐ. உதவித் தொகையில் சேராது. நோய் வந்தால் நின்றுவிடும். வயதானால் நின்றுவிடும். வங்கியில் கடன் கேட்டால் காட்ட முடியாது.

ஆகவே சம்பளத்தில் கூடும் 100 ரூபாயும் டிப்ஸில் வரும் 100 ரூபாயும் ஒன்றல்ல. சம்பளத்தில் கூடினால் அது நாளைக்கும் துணை வரும்.

6. கண்ணுக்குத் தெரியாத கைகள்

டிப்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு தட்டு மசால் தோசை மேசைக்கு வர எத்தனை பேர் உழைக்கிறார்கள்? ஒருவர் மாவு அரைக்கிறார். ஒருவர் உருளைக்கிழங்கு உரிக்கிறார். மாஸ்டர் கல்லின் சூட்டில் நின்று தோசை வார்க்கிறார். சப்ளையர் கொண்டுவருகிறார். கிளீனர் மேசையைத் துடைக்கிறார். பின்கட்டில் ஒரு பெண் தட்டுக் கழுவுகிறார்.

வாடிக்கையாளர் பார்ப்பது சப்ளையரை மட்டும். டிப்ஸும் அவர் கைக்கே போகிறது. தட்டுக் கழுவும் அம்மாவுக்கு யார் கொடுப்பது?

சில ஓட்டல்களில் தொழிலாளர்களே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். வரும் டிப்ஸை அதில் போடுகிறார்கள். இரவில் எண்ணிப் பங்கிடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும். பெட்டிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் சந்தேகம் வளரும்.

பிரிட்டனில் இதற்கென்றே 2023-இல் ஒரு சட்டம் செய்தார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டிப்ஸ் பணத்திலிருந்து முதலாளி எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிடுகிறோம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

7. வேறு நாடுகளில்

அமெரிக்காவில் டிப்ஸ் ஏறக்குறையக் கட்டாயம் போல ஆகிவிட்டது. பில்லில் 15 முதல் 20 சதவீதம் வரை எதிர்பார்க்கிறார்கள். ஏன் அப்படி?

அங்கே 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலர் ஓட்டல்களிலும் ரயில்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பல முதலாளிகள் அவர்களுக்குச் சரியான கூலி தரவில்லை. "பயணிகள் கொடுப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்" என்றார்கள். அந்தப் பழக்கத்தின் நிழல் இன்றும் போகவில்லை. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். இந்த 2.13 டாலர் 1991-இல் வைத்தது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த முறையை ஏற்காமல் முழுக் கூலியும் தரச் சொல்கின்றன.

பூக்காரம்மா பாஷையில் சொன்னால், அங்கே கொசுறை நம்பி முழத்தை அறுத்துவிட்டார்கள்.

ஜப்பானில் இதற்கு நேர் மாறு. அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. நன்றாகப் பரிமாறுவது வேலையின் ஒரு பகுதி. அதற்குச் சம்பளம் உண்டு என்பது அவர்கள் எண்ணம்.

8. பெங்களூர் காட்டிய இரண்டு வழிகள்

பெங்களூர் ஓட்டல்களுக்குப் பேர்போன ஊர். லால்பாக் சாலையிலுள்ள எம்.டி.ஆர். 1924-இல் தொடங்கியது. காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவன் 1943-இல் தொடங்கியது. கையில் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வரும் சப்ளையரைப் பார்க்கவே அங்கே பலர் போவார்கள்.

1980களில் இந்த ஊரில் 'தர்ஷினி' என்ற புது வகை ஓட்டல் பரவியது. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். நாமே தட்டை வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். மேசைக்கு வந்து பரிமாறுபவர் இல்லை. அதனால் விலையும் குறைவு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. இது ஒரு வழி.

இன்னொரு வழி அதற்கும் முன்பே பிறந்தது. காபி வாரியம் நாடு முழுவதும் காபி ஹவுஸ்களை நடத்திவந்தது. 1950களில் அவற்றை மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். நீங்களே சேர்ந்து சங்கம் அமைத்து நடத்துங்கள் என்றார்.

1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் இந்தியக் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 27-இல் டில்லியில் தொழிலாளர்களே நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ் திறந்தது. பிறகு பல மாநிலங்களில் இது பரவியது. பெங்களூர் எம்.ஜி. சாலையில் இருந்த காபி ஹவுஸ் 2009-இல் சர்ச் தெருவுக்கு மாறியது.

வெள்ளை உடையும் தலைப்பாகையும் அகலமான இடுப்புப் பட்டையும் அணிந்து காபி கொண்டுவருபவர் அங்கே கூலியாள் மட்டும் அல்ல. அவர் சங்கத்தின் உறுப்பினர். கணக்கு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அங்கேயும் வாடிக்கையாளர் மேசையில் சில்லறை வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே அது கொசுறுதான். முழத்தை அளக்கும் கை தொழிலாளியின் கையே.

9. கொடுப்பதில் ஒரு முறை

டிப்ஸ் கொடுப்பது பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. அதிகம் கொடுத்துவிட்டோமா, குறைத்துவிட்டோமா என்று தவிப்பார்கள். சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டால் குழப்பம் இல்லை.

உட்கார்ந்து சாப்பிட்டால், மனமும் வசதியும் இருந்தால் கொடுக்கலாம். சாதாரண ஓட்டலில் பத்து, இருபது ரூபாய் கொடுப்பவர் உண்டு. பெரிய ஓட்டலில் பில்லில் 5 முதல் 10 சதவீதம் கொடுப்பவர் உண்டு. இது சட்டம் அல்ல, வழக்கம்.

சேவைக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் தனியாக டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

வசதி இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. "நல்லா இருந்ததுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பணத்தை மேசை மேல் வீசக் கூடாது. சாம்பார் சிந்திய தட்டில் போடக் கூடாது. கையில் கொடுக்க வேண்டும். போனில் பணம் கட்டுபவர்கள், டிப்ஸ் யார் கணக்குக்குப் போகிறது என்று கேட்டுக் கட்டுவது நல்லது.

டிப்ஸ் கொடுப்பதால் சப்ளையரை அதட்ட உரிமை வந்துவிடாது. "ஏய்", "டேய்" என்று கூப்பிடக் கூடாது. சொடக்குப் போடக் கூடாது. வயதில் பெரியவரை 'அண்ணா' என்றும் சிறியவரைத் 'தம்பி' என்றும் கூப்பிட்டால் போதும்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் மேசை துடைத்தால் அவனுக்கு டிப்ஸ் கொடுப்பது உதவி ஆகாது. 14 வயது ஆகாத பிள்ளைகளை ஓட்டல் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்வதே அவனுக்குச் செய்யும் உதவி.

10. நோட்டில் ஒரு கணக்கு

சப்ளையர் தம்பி மறுநாளே ஓட்டலில் எல்லாரிடமும் பேசினார். எல்லாரும் தங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஈ.எஸ்.ஐ. எண்ணைத் தனியே எழுதி வைத்தார்கள். சீட்டே வராத இரண்டு பேர் இருந்தார்கள். தட்டுக் கழுவும் அம்மா ஒருவர். கிளீனர் பெரியவர் ஒருவர். அவர்களுக்கும் சீட்டு வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து மேனேஜரிடம் கேட்டார்கள்.

டிப்ஸுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் இரவில் எண்ணி எழுதினார்கள். சமையற்கட்டுக்கும் ஒரு பங்கு என்று முடிவானது. முதலில் சப்ளையர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "நாளைக்கு நமக்குக் கை வெந்தா பங்கு வருமா?" என்று ஒருவர் கேட்டார். "வரும். விடுப்புல இருக்கிறவங்களுக்கும் பங்கு உண்டு" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். முணுமுணுப்பு நின்றது.

சம்பள உயர்வுக் கோரிக்கையை இந்த முறை வாயால் சொல்லவில்லை. மனுவாக எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தட்டுக் கழுவும் அம்மா மட்டும் கைநாட்டு வைத்தார். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சப்ளையர் பூக்கடைக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு முழம் பூ கேட்டார். கூடவே தட்டுக் கழுவும் அம்மாவும் வந்திருந்தார்.

"அக்கா, இவங்களுக்கும் எழுதப் படிக்கக் கத்துக்கணுமாம். அடுத்த மனுவுல கையெழுத்துப் போடணுமாம்."

பூக்காரம்மா சிரித்தார். முழங்கையை நீட்டினார். ஒரு முழம் சரியாக அளந்தார். பிறகு நாலு விரல் கூடவிட்டு அறுத்தார்.

சிந்திப்போம்

1. சேவைக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. வரிக்கும் என்ன வேறுபாடு?

2. "டிப்ஸ் வருகிறதே, சம்பளம் எதற்குக் கூட்ட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

3. உங்கள் சம்பளச் சீட்டில் என்னென்ன பிடித்தம் இருக்கிறது? ஒவ்வொன்றும் எதற்காக?

கணக்குப் போடுவோம்

ஓர் ஓட்டலில் நான்கு பேர் சாப்பிட்டார்கள். சாப்பாட்டு விலை 800 ரூபாய். வரி 5 சதவீதம்.

அ) சேவைக் கட்டணம் இல்லாமல் பில் எவ்வளவு?

ஆ) 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து, அதற்கும் வரி போட்டால் பில் எவ்வளவு?

விடை: அ) 840 ரூபாய். ஆ) 924 ரூபாய்.